பழைய லண்டன் புத்தக வியாபாரியைத் தேடுகிறீர்களா?

16, 17-ஆம் நூற்றாண்டு லண்டன் புத்தக வியாபாரி ஒருவரைப் பற்றித் தேடுபவர்கள் பெரும்பாலும் நூலின் முகப்புப் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதில் பெயரும் கடை முகவரியும்தான் இருக்கும். ஆளைப் பிடிக்க, 1557-ல் அரச சாசனம் பெற்ற ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற, அச்சகத்தாரும் புத்தக வியாபாரிகளும் சேர்ந்த சங்கத்தின் பதிவேடுகளுக்குப் போங்கள். முதலில் பார்க்க வேண்டியது, தொழில் பழகச் சேர்ந்தவர்களின் பதிவு.

உதாரணமாக, லண்டன் அச்சகர் ரிச்சர்ட் ஃபீல்டைப் பாருங்கள். 1579-ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றிலேயே எவ்வளவு கிடைக்கிறது! அப்பா பெயர் ஹென்றி, ஊர் ஸ்ட்ராட்ஃபோர்ட், தொழில் தோல் பதனிடுவது. ஏழு வருட ஒப்பந்தம் புத்தக வியாபாரி ஜார்ஜ் பிஷப்பிடம். ஆனால் முதல் ஆறு வருடம் தாமஸ் வோட்ரோலியேவிடம் அச்சுத்தொழில் பழக வேண்டும். 1587-ல் ஃபீல்ட் சங்க உறுப்பினரானார். அப்புறம் வோட்ரோலியேவின் விதவையை மணந்து அதே அச்சகத்தை நடத்தினார். அதனால் குருவின் வீட்டாரையும் சேர்த்தே தேடுங்கள். கடை கைமாறிய கதை பல நேரம் அங்கேதான் இருக்கும், குறிப்பாக விதவைகள் வழியாக.

பெயர் கிடைக்கவில்லையா? சரி, துணி வியாபாரிகளின் சங்கமான டிரேப்பர்ஸில் பாருங்கள். அதில் உறுப்பினராக இருந்துகொண்டே புத்தகம் விற்றவர்கள் உண்டு. சிலர் 1600-ல்தான் ஸ்டேஷனர்ஸுக்கு மாறினார்கள்.

தேதியிலும் கவனம் தேவை. அன்றைய இங்கிலாந்தில் புது வருடம் மார்ச் 25-ல் பிறந்தது. பதிவேட்டில் 1593 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1594.