‘ஃபீவர்’ சிங்கிள் இசைத்தட்டை விவரம் எழுதி விற்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்கப் பாடகி பெக்கி லீ 1958-இல் கேபிடல் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய ‘ஃபீவர்’ பாட்டில் ஒரு டபுள் பேஸ் (நின்று வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), கொஞ்சம் டிரம்ஸ், விரல் சொடக்கு, இவற்றைத் தவிர வேறு துணை இல்லை. சொடக்குக்கும் சொடக்குக்கும் நடுவே வெறும் அமைதி. அந்த அமைதிதான் நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் இந்தச் சின்ன இசைத்தட்டின் உயிர். வாங்குபவர் காசு கொடுப்பதும் அதற்குத்தான்.

அதனால் கண்ணால் மட்டும் பார்த்துத் தரம் போடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. நான் விற்ற முதல் பிரதி விளக்கொளியில் பளபளவென்று இருந்தது. ‘வெரி குட் பிளஸ்’ (லேசாகப் புழங்கிய, நல்ல நிலைத் தட்டு) என்று தரம் எழுதி அனுப்பிவிட்டேன். வாங்கியவர் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி பொரிகிறது என்று எழுதினார். திருப்பி வாங்கிப் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னது அப்படியே உண்மை. அந்தக் காலத்து வீட்டு பிளேயர்களிலும் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ்களிலும் கனமான ஊசி ஓடி ஓடித் தடம் தேய்ந்திருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது. பெரிய ஆர்கெஸ்ட்ரா பாட்டாக இருந்தால் இரைச்சல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். இங்கே ஒளிய இடமே இல்லை. முதலில் தட்டைக் கழுவுங்கள். அப்புறம் ஊசி இறங்கும் முதல் சில நொடிகளையும், சுருதி ஏறிய பிறகு வரும் கடைசிப் பகுதியையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். ‘ஸ’ ஒலி கிழிந்து கேட்டால் அது அழுக்கு அல்ல, தேய்மானம்.

இது மோனோ தட்டு, அதாவது ஒரே தடத்தில் பதிந்த ஒலி. ஸ்டீரியோ ஊசியில் அப்படியே கேட்டால் தடத்தின் மேல்கீழ் அசைவால் வரும் சத்தமும் சேர்ந்து ஒலிக்கும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிட்டுக் கேளுங்கள், எப்படிக் கேட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். மறுபக்கத்து ‘யூ டோன்ட் நோ’வையும் விடாதீர்கள். அதற்குத் தனியாகத் தரம் சொல்வதுதான் நியாயம்.

பழைய தட்டு என்றாலே ‘அரியது’ என்று போடுவது அடுத்த தவறு. அமெரிக்காவின் பில்போர்டு வெற்றிப் பாடல் பட்டியலில் 8-ஆம் இடம் வரை போன பாட்டு இது, ஏராளமாக அச்சானது. மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காமல், உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். வழக்கமான கணக்கில் வெரி குட் பிளஸ் பிரதி நியர் மின்ட் (கிட்டத்தட்ட புதுசு) விலையில் பாதி, அதற்கும் கீழான வெரி குட் கால்பங்கு.

எந்தக் காலத்து அச்சு என்பதைத் தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிள் சொல்லிவிடும். 3998 என்ற எண்ணும் ஊதா நிறமும் இருந்தால் ஐம்பதுகளின் தட்டு. ஆரஞ்சு மஞ்சள் சுழல் லேபிள் என்றால் பின்னாளில் அச்சானது. ஆனால் ஊதாவைப் பார்த்ததும் ‘முதல் அச்சு’ என்று அடித்துச் சொல்லாதீர்கள். கேபிடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அச்சு ஆலைகள் இருந்தன. பாட்டு முடிந்தபின் வரும் வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எழுத்துகளை அப்படியே எழுதிக் காட்டுங்கள்.

விமர்சனத்தில் அடிக்கடி வரும் பிழை, இதை பெக்கி லீயின் சொந்தப் பாட்டு என்பது. 1956-இல் கிங் நிறுவனத்துக்காக லிட்டில் வில்லி ஜான் பாடியதே முதலில் வந்தது. லேபிளில் பாட்டை எழுதியவராக உள்ள டேவன்போர்ட் என்பது ஓட்டிஸ் பிளாக்வெல்லின் புனைபெயர், கூடவே இருப்பவர் எடி கூலி. பெக்கி லீ தானும் வரிகள் சேர்த்தார், ஆனால் எழுதியவர்களில் அவர் பெயர் அங்கே இல்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான். விமர்சனம் எழுதினால் அதை ஒரு வரியாவது சொல்லுங்கள்.

லேபிளில் யாரோ பேனாவால் பெயர் எழுதியிருந்தால் படத்தோடு காட்டிவிடுங்கள். கட்டும்போது தட்டை அதன் பழைய உறைக்குள் வைத்து அனுப்ப வேண்டாம், வழியில் அதன் விளிம்பே உறையைக் கிழித்துவிடும். தட்டை வேறொரு சாதா உறையில் போட்டு, பழைய உறையைப் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டுங்கள்.