லவ்கிராஃப்டின் கனவும் மாந்திரீகர்களின் புத்தகமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கத் திகில் கதை எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று விஷயங்களை யாராவது கட்டாயம் சொல்லிவிடுவார்கள். அவர் தன் கதைகளைக் கனவில் கண்டார். அந்தக் கனவுகள் வேறெங்கிருந்தோ அவருக்கு அனுப்பப்பட்டவை. அதனால்தான் இன்றைய மேற்கத்திய மாந்திரீகர்கள் அவருடைய தெய்வங்களை அழைத்துச் சடங்கு செய்கிறார்கள். முதலாவது ஓரளவு உண்மை. மூன்றாவதில் சடங்கு நடப்பது உண்மை. நடுவில் இருப்பதற்கு ஆதாரமே கிடையாது. ஆனால் முன்னும் பின்னும் உண்மை துணை நிற்பதால் அதுவும் நிஜம்போலக் காட்சியளிக்கிறது. பிரபஞ்சத் திகில் கதைகளைப் பல வருடமாக ஆசையோடு படித்துவருகிறேன். அந்தக் கதைகளை எழுதிய மனிதரின் உழைப்பை ஏதோ ஒரு ஆவியின் கணக்கில் எழுதிவைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

அவரை ஒரு ரகசிய மாந்திரீகர் என்று நினைப்பதுதான் முதல் பிழை. 1890-இல் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்து, 1937-இல் அதே ஊரில் 46 வயதில் இறந்தவர் லவ்கிராஃப்ட். கடவுள், ஆவி, மறுபிறவி எதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. 1914-இல் உள்ளூர் நாளிதழில் ஒரு ஜோதிடர் எழுதியதை எதிர்த்து வரிசையாகக் கடிதம் போட்டார்; சிலவற்றைப் புனைபெயரில் எழுதினார். 1926-இல் மாயவித்தைக்காரர் ஹூடினி, மூடநம்பிக்கைகளுக்கு எதிராக ஒரு நூல் தயாரிக்க இவரை அமர்த்தினார். அந்த அக்டோபர் 31-இல் ஹூடினி இறந்துபோனதால் அந்த வேலை நின்றுவிட்டது. சரி, கதைகளில் வரும் மந்திரங்கள்? 1925-இல் எழுதிய ரெட் ஹூக் கதையின் மந்திர உச்சாடனத்தை அவர் என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவைப் பார்த்து எடுத்தார். வீட்டு அலமாரியில் இருந்த கலைக்களஞ்சியம்தான் அவருக்கு அந்த வித்தையின் குரு.

இனி கனவு. விஷயம் செறிவாக இருப்பதும், பலரும் வழுக்கி விழுவதும் இங்கேதான்.

1896 ஜனவரியில் அவருடைய பாட்டி இறந்தார். பையனுக்கு வயது ஐந்து. வீட்டுப் பெண்கள் எல்லோரும் கறுப்புத் துக்க உடைக்கு மாறினார்கள். அதற்குப் பிறகு இரவுதோறும் முகமில்லாத, வவ்வால் இறக்கை முளைத்த கறுப்பு உருவங்கள் கனவில் வந்து, வயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வானத்தில் பறந்தன. ‘நைட் காண்ட்’ என்று அவர் பின்னாளில் கதைகளில் உலவவிட்டது இவற்றைத்தான். இவை எங்கிருந்து வந்திருக்கும் என்று அவரே யோசித்துப் பார்த்திருக்கிறார். வீட்டுக் கூடத்தில் கிடந்த மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ பதிப்பில் குஸ்தாவ் டோரே வரைந்த படங்களாக இருக்கலாம் என்பது அவர் ஊகம். துக்க வீடு, கறுப்புத் துணி, ஒரு படப் புத்தகம். கனவுக்கு இவ்வளவு போதும்.

அவர் கதைகளின் தெய்வங்களில் ஒன்றான நயர்லத்தோடெப்பின் பெயர் வந்த 1920-ஆம் வருடக் கனவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய நண்பர் சாமுவேல் லவ்மனிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது, கனவுக்குள்ளேயே. நயர்லத்தோடெப் உங்கள் ஊருக்கு வந்தால் தவறாமல் போய்ப் பாருங்கள், அவர் பயங்கரமானவர், ஆனால் அற்புதமானவர் என்று அதில் எழுதியிருக்கிறது. லவ்கிராஃப்ட் தலைவலியோடு எழுந்து, தூக்கம் முழுதாகக் கலையும் முன்பே கதையின் முதல் பத்தியை எழுதிவிட்டார். இந்த இடத்தில்தான் ‘கேட்டீர்களா, பெயரே கனவில் வந்திருக்கிறது’ என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய வருடத்து இலையுதிர் காலத்திலிருந்து அவர் டன்சனி பிரபுவின் கதைகளில் மூழ்கிக் கிடந்தார் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. டன்சனி 1905-இல் வெளியிட்ட நூலில் அல்ஹிரெத்-ஹோட்டெப் என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தூங்கும் மூளை பகலில் படித்ததைப் பிசைந்து வேறொன்றாக்கித் தந்திருக்கிறது. இப்படிச் சொல்வதால் கனவின் பெருமை குறைவதாக நான் நினைக்கவில்லை. கையில் இருந்த மண்ணிலிருந்து இப்படியொரு உருவம் எழுந்தது என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஒத்துப்போவதைப் பார்த்ததும் ‘தொடர்பு’ என்று தீர்ப்பு எழுதுவது இதற்கு அண்ணன் முறையான பிழை. ஆங்கிலேய மாந்திரீகர் கென்னத் கிராண்ட் 1972-இல் ஒரு நூல் வெளியிட்டார். அலெஸ்டர் குரோலியின் மந்திர நூல்களில் வருபவற்றையும் லவ்கிராஃப்ட் கதைகளில் வருபவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இருவரும் ஒரே ஊற்றிலிருந்து பெற்றிருக்கிறார்கள், லவ்கிராஃப்ட் மட்டும் அதை அறியாமலே கனவு வழியே பெற்றார் என்று வாதிட்டார். அந்த ஜோடிகளில் ஒன்று, லவ்கிராஃப்ட் தன் கதைகளுக்காகக் கற்பனை செய்த நெக்ரோனாமிக்கான் என்ற மந்திர நூலுக்கு மூலப் பெயரான ‘அல் அஸிஃப்’. அதோடு குரோலியின் ‘ஏஎல்’ என்ற நூல்.

‘அஸிஃப்’ எங்கிருந்து வந்தது என்று தேடினால் வழி நேராகப் போகிறது. வில்லியம் பெக்ஃபோர்டின் ‘வத்தெக்’ நாவலுக்குச் சாமுவேல் ஹென்லி எழுதிய அடிக்குறிப்புகளில், இரவில் பூச்சிகள் எழுப்பும் ஓசை, பூதங்களின் ஊளை என்று மக்கள் கருதுவது, என்ற விளக்கத்தோடு அந்தச் சொல் இருக்கிறது. லவ்கிராஃப்ட் அந்த நாவலைப் படித்தவர். ‘ஆக்லோ’ என்ற எழுத்து வகையும் அப்படியே: ஆர்தர் மேக்கன் 1904-இல் வெளியிட்ட கதையிலிருந்து அதை எடுத்து 1928-இல் தன் கதையில் வைத்தார். மேக்கனோ 1899-இல் லண்டனின் கோல்டன் டான் என்ற மாந்திரீகச் சங்கத்தில் சேர்ந்தவர். குரோலி சேர்ந்தது அதற்கு முந்தைய வருடம் அதே சங்கத்தில். ஒரே அலமாரியில் படித்தவர்களின் சொற்கள் ஒத்துப்போவதில் வியப்பில்லை. ஒற்றுமை கண்ணில் பட்டால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: யார் எதை எந்த வருடம் படித்தார்கள்?

நெக்ரோனாமிக்கான் விஷயத்தில் வருடங்களைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அந்தப் பெயர் 1922-இல் எழுதிய ஒரு கதையில் முதலில் வருகிறது. 1927-இல் அந்த நூலுக்கு அவரே பொய்யாக ஒரு வரலாறு எழுதினார். எந்தக் காலத்தில் யார் மொழிபெயர்த்தார், யார் எரித்தார் என்பதுவரை. நூலாசிரியர் என்று அவர் சொல்லும் அப்துல் அல்ஹஸ்ரெத், லவ்கிராஃப்ட் ஐந்து வயதில் ஆயிரத்தொரு இரவுக் கதைகளைப் படித்துவிட்டு விளையாட்டாகச் சூடிக்கொண்ட பெயர். அரபி இலக்கணப்படி அந்தப் பெயரே தவறு. புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கடிதம் எழுதிக் கேட்டவர்களிடம், அப்படி ஒன்று இல்லை, நான் கட்டியது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்.

பிறகு 1977-இல் நியூயார்க்கில் ‘சைமன்’ என்ற பெயரில் ஒரு நெக்ரோனாமிக்கான் வெளிவந்தது. 1980-இல் மலிவுப் பதிப்பும் வந்து ஊரெல்லாம் பரவியது. அதில் உண்மையான பாபிலோனியத் துதிகளின் மொழிபெயர்ப்புகளும் கலந்திருக்கின்றன. பலர் ஏமாறுவது இதனால்தான். உள்ளே இருக்கும் சில பாடல்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை என்பதால் புத்தகமும் பழையதாகிவிடாது. 1978-இல் இங்கிலாந்தில் வேறொரு நெக்ரோனாமிக்கான் வந்தது. அதில் பங்குகொண்ட காலின் வில்சன் சில வருடங்கள் கழித்து, விளையாட்டாகச் செய்தது என்று வெளிப்படையாக எழுதினார். அப்படியும் நம்பிக்கை ஓயவில்லை. ஒரு திகில் கதை, உண்மையான மோசடியைத் திட்டமிடும் கவனத்தோடு கட்டப்பட வேண்டும் என்று லவ்கிராஃப்ட் 1930-இல் நண்பருக்கு எழுதினார். க்துல்ஹு என்ற கடலடித் தெய்வத்தைப் பற்றிய கதையைப் பாருங்கள், பத்திரிகைத் துணுக்கு, போலீஸ் அதிகாரியின் வாக்குமூலம், மாலுமியின் குறிப்பு என்று ஒரு கோப்பையே நம் கையில் தருகிறார். நம்பியவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர் கைத்திறன் அப்படி.

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு: இந்தச் சடங்குகளைச் செய்கிறவர்கள் எல்லோரும் கதையை நிஜமென்று நம்புகிறவர்கள் என்று சிரிப்பது. 1972-இல் வெளிவந்த ஆண்டன் லாவேயின் சாத்தானியச் சடங்கு நூலில் க்துல்ஹு சடங்கை எழுதிக்கொடுத்தவர் மைக்கேல் அக்கினோ. அது கற்பனை என்பது அவர்களுக்குத் தெரியும். 1970-களின் இறுதியில் பிரிட்டனில் எழுந்த கேயாஸ் மாந்திரீகம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. நம்பிக்கை ஒரு கருவி, வேலை முடிந்ததும் கீழே வைத்துவிடலாம். மனத்தை உலுக்கும் வலு இருந்தால் கதாபாத்திரமும் போதும் என்கிறார்கள். இந்தக் கொள்கை எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் திணித்து வாதாடுவது நேர்மையாகாது.

நல்ல தெய்வங்களுக்கும் கெட்ட தெய்வங்களுக்கும் போர் என்ற அமைப்பு லவ்கிராஃப்டுடையது அல்ல, அவர் மறைவுக்குப் பின் அவருடைய எழுத்தாள நண்பர் ஆகஸ்ட் டெர்லெத் ஏற்றியது. லவ்கிராஃப்டின் அண்டத்துக்கு மனிதன்மேல் அன்பும் இல்லை, பகையும் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு இழையைச் சொல்லாமல் போக மனமில்லை. 1864-இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஏன் ஒரே வகை விலங்கினம் என்பதை விளக்க, கடலில் மூழ்கிய ஒரு நிலத்தை ஊகித்து, லெமூர் என்ற விலங்கின் பெயரால் லெமூரியா என்றழைத்தார். சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர்கள் அதை ஞானதிருஷ்டியில் கண்டதாக எழுதினார்கள். ஸ்காட்-எலியட் அதை நூலாக்கினார். லவ்கிராஃப்ட் அந்த நூலைப் படித்து, கட்டுக்கதை என்று தெரிந்தே, க்துல்ஹு கதையில் அதன் பெயரைச் சேர்த்தார். அதே லெமூரியாவை நம்மில் பலர் குமரிக்கண்டத்தோடு இணைத்துப் பேசுகிறோம். கடல்கோள் பற்றி நம் பழைய உரைநூல்கள் சொல்வது தனி மரபு. அதைப் பிரம்மஞானிகளின் காட்சியோடு முடிச்சுப் போட்டால் இரண்டையும் சரியாகப் படிக்க முடியாமல் போய்விடும்.

கடைசியாக, இந்தக் கதைகளை இரவில் படித்துவிட்டுத் தானே அனுபவப்பட்டவர்களுக்கு. விழிப்பு வந்தும் கை கால் அசையாமல், நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தால் அது உறக்க முடக்கம். கனவுத் தூக்கத்தில் உடலைக் கட்டிவைக்கும் பிடி, மூளை விழித்த பிறகும் சில நொடியோ சில நிமிடமோ விலகாமல் இருப்பதுதான் காரணம். நம் வீடுகளில் அமுக்குவான் பேய் என்பார்கள். கதை படித்தவருக்குக் கதையில் படித்த உருவம் கண்ணில் தெரியும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் போங்கள், சடங்கு நூலைத் தேடாதீர்கள்.

கனவைக் குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. போன ஐப்பசியில் ஒருநாள் அவருடைய ‘டேகன்’ கதையைத் திரும்பப் படித்துவிட்டுப் படுத்தேன். 1917-இல் எழுதியது, அதிலும் ஒரு கனவின் பங்கு உண்டு. அந்தக் கதையில் கறுப்புச் சேற்றுவெளியில் எழுத்துகள் செதுக்கிய பெரிய கல்தூண் நிற்கும். மூன்று மணிக்கு விழித்து நோட்டில் எழுதினேன்: “கறுப்புச் சேறு. சாய்ந்த கல். தண்ணீர் சத்தம்.” காலையில் காபி குடித்துக்கொண்டே மனைவியிடம் சொல்லும்போது, “கல்லுல ஏதோ எழுத்து இருந்துச்சு” என்றேன். அவள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல எழுத்துன்னு நீங்க எழுதவே இல்லையே” என்றாள். பிறகு வாசலைக் காட்டினாள். மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டி, மூன்று நாளாகக் குவித்துவைத்திருந்த கறுப்புச் சேறு. அதன்மேல் சரிந்து கிடந்தது ஒரு சிமெண்ட் மூடி.