பாட்டுப் போட்டால் மனம் சரியாகிவிடுமா? நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. காலையில் மின்னல் பண்பலை, வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம், திருவிழா வந்தால் உறுமி மேளம். அதனால்தானோ என்னவோ, வீட்டில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்றதும் "நல்ல பாட்டா போட்டு விடு, சரியாயிடும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இசைக்கு மனத்தைத் தேற்றும் சக்தி உண்டுதான். நாம் அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் கோளாறு.

இருப்பதிலேயே ஆபத்தான தவறு, பாட்டை நம்பி மாத்திரையை நிறுத்துவது. மனச்சோர்வுக்கு இசைச் சிகிச்சை பலன் தருகிறது என்று பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2017-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. ஆனால் அது, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தபோது கிடைத்த பலன். அதுவும் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கூடவே உட்கார்ந்து செய்வது. கைப்பேசியில் பாட்டை ஓடவிடுவது அந்தக் கணக்கில் வராது. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். அதற்குள் பொறுமை போய், "மாத்திரையால ஒண்ணும் இல்ல, பாட்டுதான் தூங்க வைக்குது" என்று தோன்றும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தூக்கக்கேடும் வரலாம், நோயும் திரும்பலாம். விடுவதென்றால் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான் விடவேண்டும்.

டாக்டரிடம் போகவே நம்மவர்கள் தயங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை பக்கத்தில் இருப்பதால், தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரையே கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். யாரும் எடுத்த எடுப்பில் அங்கே போகவேண்டியதில்லை. அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்க்கலாம்; தேவைப்பட்டால் அவர்களே மேலே அனுப்புவார்கள். சாகவேண்டும் என்ற பேச்சு வந்துவிட்டால் பாட்டெல்லாம் அப்புறம். ஆளைத் தனியே விடாமல், சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்குக் கூப்பிடுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.

அடுத்தது, வாட்ஸ்அப்பில் சுற்றும் ராகப் பட்டியல். இந்த ராகம் ரத்த அழுத்தத்துக்கு, அந்த ராகம் மனக்கவலைக்கு என்று மருந்துச் சீட்டு மாதிரி எழுதியிருப்பார்கள். நீலாம்பரி தாலாட்டுக்கு உகந்தது என்பது நம் மரபு, கேட்கவும் இதமாக இருக்கும். ஆனால் நோய்க்கொரு ராகம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. காலமெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டிக்குப் பழைய சினிமாப் பாட்டுதான் ஆறுதல் என்றால், அவருக்கு எதற்கு வீணைக் கச்சேரி? அவரிடமே கேட்டுப் போடுங்கள்.

சோகப்பாட்டு விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அழுகிறவரிடம் குத்துப்பாட்டைப் போட்டு "சிரி" என்றால் எரிச்சல்தான் வரும். முதலில் அவர் மனநிலைக்கு ஒத்த பாட்டில் தொடங்கி, மெல்ல மெல்ல வேறு பக்கம் நகர்த்துவது இசைச் சிகிச்சையில் பழைய முறை. நாம் தவறுவது இந்த நகர்த்துவதில்தான். காதல் தோல்விப் பாட்டையே இரவு ஒரு மணிவரை திரும்பத் திரும்பக் கேட்கும் தம்பி, பழைய வேதனையையே கிளறிக்கொண்டு இருக்கிறான். கேட்டு முடித்ததும் மனம் லேசாகிறதா, இன்னும் கனக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கனக்கிறதென்றால் பாட்டை மாற்றவேண்டும், இல்லை நிறுத்தவேண்டும்.

உறுமி மேளக் குழுவில் இருக்கும் பையனுக்கு மனஉளைச்சல் என்றதும் "அதனாலதான் கெட்டுப்போனான்" என்று வாத்தியத்தைப் பிடுங்குகிறவர்களும் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. நாலு பேரோடு சேர்ந்து வாசிப்பது, தனியே காதில் மாட்டிக்கொண்டு கிடப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் காதில் குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று பயப்படும் நிலையில் இருப்பவரை, சாமி வந்து ஆடும் கூட்டத்துக்குள் கொண்டுபோகும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சத்தத்தையும் பார்க்கவேண்டும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் காதுக்குப் பாதுகாப்பு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மேளம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். வாசிக்கும் பிள்ளைகளுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள்.