பழைய ஃப்ளாப்பிக்கு புது உறை, வீட்டுலயே

ரங்கூன்ல மழைக்காலம் வந்தா பேப்பர்னு இருக்குறதெல்லாம் பூசணம் பிடிச்சுரும், என்கிட்ட இருந்த அஞ்சேகால் இஞ்ச் ஃப்ளாப்பிங்களோட (பழைய கம்ப்யூட்டர்ல தகவல் சேமிக்கிற மெல்லிசு டிஸ்க்) உறையும் அப்படித்தான் போச்சு. டிஸ்க் நல்லாருக்கு, உறைதான் கருப்புப் புள்ளி புள்ளியா.

நல்லா இருக்குற ஒரே ஒரு உறைய எடுத்து ஒட்டுன இடத்த பிளேடால மெதுவா பிரிச்சு விரிச்சு, 300 டிபிஐல (ஸ்கேனோட தெளிவு அளவு) ஸ்கேன் பண்ணிக்குங்க. பிரிண்ட் போடும்போது கடைக்காரர்கிட்ட 100 சதவீதம்னு அழுத்திச் சொல்லுங்க, இல்லேன்னா அவரு பேப்பருக்கு ஏத்த மாதிரி சுருக்கிருவாரு, எனக்கு முதல் தடவ டிஸ்க் உள்ளயே போகல! லேசர் பிரிண்ட்தான் நல்லது, இங்க்ஜெட் மை இந்த ஈரத்துக்கு கசியும்.

மாதிரிக்கு உறையே இல்லேன்னா, டிஸ்க் 133 மில்லிமீட்டர் சதுரம், அதனால அகலம் 137 வைங்க, பின்பக்கம் 125 உயரம், முன்பக்கம் 115, பின்பக்கத்துக்கு ரெண்டு சைடுலயும் 15 மடிப்பு, எல்லாம் ஒரே ஏ4ல அடங்கிரும். தாளோட கனம் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தன கிராம்) போதும்.

முன்பக்கத்த மேல மடிச்சுட்டு அப்புறமா சைடு மடிப்ப வெளிப்பக்கமா ஒட்டுங்க. உள்ள ஒட்டுனா பசை டிஸ்க்ல படும். பசையும் கொஞ்சமா போதும், ஒரு ராத்திரி முழுக்க காயணும், அவசரப்படாதீங்க. விரல் பிடிக்க நடுவுல அரைவட்டம் வெட்டிக்கிட்டா பழசு மாதிரியே இருக்கும்.

டிஸ்க்க போடும்போது லேபிள் மேல வரணும், காந்த ஃபிலிம் தெரியுற நீள ஓட்ட உறைக்குள்ள மறையணும். டப்பால ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் ரெண்டு போட்டு வைங்க.