கீரை வாடுகிறதா? முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

மே மாதத்தில் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் வீட்டு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், ஆனால் சுவர் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். பகலில் துவண்ட செடி நிமிர்வதே வெயில் தாழ்ந்த பிறகுதான். சுவரை ஒட்டி வைத்த தொட்டிக்கு அந்த நேரமும் கிடைப்பதில்லை. இடம் மிச்சம் என்று நாம் செய்கிற முதல் தவறு இதுதான். தொட்டியை இரண்டடி தள்ளி வையுங்கள். காற்று புகுந்து போக வழி இருந்தால் அதுவே பாதி வைத்தியம்.

அடுத்தது திசை. தெற்குப் பக்கம்தான் வெயில் பக்கம் என்று பல வீடியோக்களில் சொல்கிறார்கள். அது ஐரோப்பா, அமெரிக்கா பக்கத்துத் தோட்டங்களுக்குச் சரி. நமக்குக் கோடையில் கதை வேறு. சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன் பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பி உச்சிக்கு வரும்வரை நண்பகலில் அது உச்சிக்கு வடக்கேதான் இருக்கும். மதுரை, நெல்லைப் பக்கம் இது பத்து நாள் வாக்கில் முன்பே தொடங்கிவிடும். ஆகவே கத்திரி வெயிலில் நேர் வெயில் வாங்குவது வடக்குப் பக்கம். நிழல் என்று நம்பி அங்கே வைத்த புதினா கருகுவது இதனால்தான். மார்கழியில் அப்படியே தலைகீழ். சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் சென்னையில் பத்தடிச் சுவரின் நிழல் நண்பகலிலேயே வடக்கே ஏழடி விழும். ஜூனில் காய்ந்த அதே இடத்தில் டிசம்பரில் கீரை வெளிச்சம் தேடி நீண்டு, வெளிறி, சாய்ந்து கிடக்கும். ஒரு முறை இடம் பார்த்தால் வருஷம் முழுக்கப் போதும் என்று நினைக்காதீர்கள்.

கீரை என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுவிடுவதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒரே குடும்பம். மக்காச்சோளத்தையும் கரும்பையும் போல, நல்ல வெயிலில்தான் இவை மளமளவென்று வளரும். பாவம், வெயில் அடிக்கிறதே என்று இவற்றை நிழல் வலைக்குள் தள்ளினால் தண்டு நூலாகிவிடும். கொத்தமல்லியும் வெந்தயமும் குளிர்காலப் பயிர்கள். மே மாதத்துக் கொத்தமல்லியைக் கவனித்திருக்கிறீர்களா? அகலமான இலை நின்றுபோய், சோம்பு இலை மாதிரி மெல்லிய இழையாகப் புது இலை வரும். அது பூவெடுக்கப் போகிறது என்று அர்த்தம். உரமோ தண்ணீரோ கொடுத்து அதைத் திருப்ப முடியாது. ஐப்பசிக்கு மேல் விதைத்துக்கொள்ளலாம். புதினா, பொன்னாங்கண்ணி, வல்லாரை இவற்றுக்குக் காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குப் பக்கம் போதும்.

அப்புறம் தண்ணீர். மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்குவதைப் பார்த்ததும் குடத்தைத் தூக்குகிறோம். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை இழக்கும்போது மண்ணில் ஈரம் இருந்தாலும் செடி தொங்கும், சாயங்காலம் தானே நிமிரும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். அதற்கு மேலும் ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகும், செடி மறுபடி வாடும், நாம் மறுபடி ஊற்றுவோம். மண் காய்ந்தே இருந்தால் மதியமானாலும் ஊற்றத்தான் வேண்டும், ஆனால் மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். வாளியில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள். வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பில் முதலில் வருவதைச் செடிக்கு விடவே கூடாது.

கறுப்புத் தொட்டி, கறுப்பு வளர்ப்புப் பை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போன கோடையில் காய்ந்துபோன ஒரு பையைக் கவிழ்த்தேன். கிழக்கே பார்த்த பக்கம் வேர்கள் வெள்ளையாக, உயிரோடு இருந்தன. மேற்கே பார்த்த பக்கம் பையை ஒட்டியிருந்த வேர்கள் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தன. ஒரே பை, ஒரே தண்ணீர். இப்போது மேற்குப் பக்கத்துக்கு ஒரு பழைய சாக்கைச் சுற்றி வைக்கிறேன், அடியில் இரண்டு செங்கல். தளத்துச் சூடு நேராக ஏறாது. மேல்மண்ணில் இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த சருகு போட்டால் ஈரமும் நிற்கும்.

ஏசியின் வெளி யூனிட் எதிரில் மட்டும் எந்தக் கீரையும் வேண்டாம். அந்தச் சூடான வறண்ட காற்றில் செம்பேன் சீக்கிரம் பெருகும். இலையில் ஊசி குத்தியது போல வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால் அடியில் வெள்ளைத்தாளைப் பிடித்துத் தட்டுங்கள். தூசி போல விழுந்தவை நகர்ந்தால் அதேதான். இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம், ஆனால் தொட்டியை நகர்த்தாவிட்டால் திரும்ப வரும்.

சரி, அந்த மேற்குச் சுவரை என்னதான் செய்வது? கொடிப்பசலைக்குக் கொடுத்துவிடுங்கள். சூட்டைத் தாங்கும் கொடி அது. சுவரிலிருந்து அரையடி தள்ளிக் கயிறு கட்டி ஏற்றிவிட்டால் சுவரில் வெயில் விழாமல் தடுக்கும், உள்ளே அறைச் சூடும் குறையும். மேற்கு வெயிலில் அதற்குத் தண்ணீர் மட்டும் தினமும் வேண்டும். விதை தேடி அலைய வேண்டாம். கடையில் வாங்குகிற கட்டில் தடித்த தண்டு இரண்டாவது இருக்கும். இலையைக் குழம்புக்குக் கிள்ளிக்கொண்டு தண்டை மண்ணில் ஊன்றுங்கள், வேர் பிடித்துக்கொள்ளும்.