மாரிக்கு முன் மரத்தளத்துக்குப் பூச்சு

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு மரத்தளம் கடலைப் பார்த்தபடி கிடப்பதால் பூச்சு வேலையை ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிடுவேன். ஐப்பசியில் மாரி பிடித்தால் பலகை காயவே காயாது.

வார்னிஷ் வேண்டாம். கடைக்காரர் பளபளப்பைக் காட்டி மயக்கப் பார்ப்பார். அது மேலே தோல் மாதிரிப் படிந்து, வெயிலில் வெடித்து, அடியில் தண்ணீர் புகுந்து உரியும். பிறகு முழுவதையும் சுரண்ட வேண்டும். மரத்துக்குள் ஊறும் எண்ணெய்ப் பூச்சான ஸ்டெயின்தான் சரி, அதுவும் நிறம் கலந்தது. நிறமில்லாதது வெயிலை அவ்வளவாகத் தடுக்காது.

நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, சில நாள் காயவிடுங்கள். 80ஆம் இலக்க சாண்ட் பேப்பர் போதும். அதிகம் வழவழப்பாக்கினால் எண்ணெய் இறங்காது. தண்ணீர்த் துளி விட்டுப் பாருங்கள்: உருண்டு நின்றால் பொறுங்கள், ஊறினால் பூசலாம். முதிரை போன்ற வைரமான மரம் கொஞ்சம்தான் குடிக்கும்.

காலையில் பனி காய்ந்ததும், தளம் சுடுமுன் மெல்லிசாகப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடையுங்கள். பலகை முனைகளுக்கு இரண்டு தரம். தண்ணீர் அதிகம் ஏறுவது அங்கேதான். அப்புறம், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.