இண்டிகேட்டர் வரம்புகளைத் தானாக அளவிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வர்த்தகத்தில் எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்ற விதித்தொகுப்பை (ஸ்ட்ராட்டஜி) உருவாக்கும் மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஏற்றியிருக்கும் விலைத்தரவில் ஒவ்வொரு இண்டிகேட்டரையும் (விலையிலிருந்து கணக்கிடும் அளவுகோல்) ஓட்டிப் பார்த்து, அதன் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புகளையும் படியளவையும் அது தானே நிரப்பிவிடும். விதிகளில் இடம்பெறும் எண்களை மென்பொருள் பிறகு இந்த வரம்புக்குள்ளிருந்துதான் பொறுக்குகிறது. புதிதாக இறங்கியவர்கள் இங்கே ஒரே இடங்களில் சறுக்குவதைத் தொடர்ந்து பார்ப்பதால் இதை எழுதுகிறேன். தவறான தரவுக் கோப்பை ஏற்றுவது போல உடனே கண்ணில் படும் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

ஒதுக்கிய காலத்தையும் சேர்த்து அளவிடுவது

இதை மட்டும் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. கடைசிச் சில ஆண்டுகளைச் சோதனைக்கென்று கவனமாக ஒதுக்கி வைப்பவர்களே, வரம்பை அளவிடும்போது முழுத் தரவையும் மென்பொருளிடம் கொடுத்துவிடுகிறார்கள். விலை நகர்வின் வேகத்தைக் காட்டும், 0 முதல் 100-க்குள் அடங்கும் ஆர்எஸ்ஐ போன்றவற்றில் பாதிப்பு குறைவு. ஏடிஆர் (சராசரி ஏற்ற இறக்க அளவு), மேக்டி (இரு நகரும் சராசரிகளின் வித்தியாசம்) போன்றவை விலையின் அலகிலேயே நகர்வதால் அவற்றில் சேதம் பெரிது.

பிட்காயின் 2015-ல் சில நூறு டாலருக்கு விற்றது. 2021-ல் 60,000 டாலரைத் தாண்டியது. தினசரி ஏடிஆர் 1,000-க்கு மேல் இருக்க வேண்டும் என்ற விதி, விலையே 1,000 டாலரை எட்டாத 2015-லும் 2016-லும் ஒரு நாள்கூட நிறைவேறாது. 2021-லோ ஏறத்தாழ எந்நாளும் நிறைவேறும். ஏற்ற இறக்கத்தை அளக்க வந்த விதி, வெறும் தேதியைப் பார்க்கும் விதியாகிவிடுகிறது.

ஒருவர் என்னிடம் காட்டிய ஸ்ட்ராட்டஜி, ஒதுக்கிய காலத்தில்தான் மிக அழகாக லாபம் காட்டியது. விதிகளைப் பிரித்துப் பார்த்தபோது, ஏடிஆர் ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது. ஸ்ட்ராட்டஜியை உருவாக்கப் பயன்படுத்திய பயிற்சிக் காலத்தின் உச்ச ஏடிஆரே அந்த எண்ணைவிடக் குறைவு என்பதால், அங்கே ஒவ்வொரு கேண்டிலிலும் (ஒரு காலத் துண்டின் விலைப்பதிவு) அது நிறைவேறியது. அதாவது, அது அங்கே சோதிக்கப்படவே இல்லை. ஒதுக்கிய காலத்திலோ, நஷ்டம் தந்திருக்கக்கூடிய கொந்தளிப்பான நாட்களை மட்டும் அது அடைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான ஸ்ட்ராட்டஜிகளை ஒதுக்கிய காலத்து முடிவைக் கொண்டே சலித்ததால், இது மேலே வந்து நின்றது. பயிற்சிக் காலத்தை மட்டும் வைத்து அளவிட்டிருந்தால் அந்த எண் வரம்புக்குள்ளேயே வந்திருக்காது. அவர் என்னிடம் காட்டுவதற்கு முன்பே அதில் உண்மைப் பணத்தை இறக்கியிருந்தார்.

ஆகவே, முதலில் தரவைப் பிரியுங்கள். பயிற்சிப் பகுதியில் மட்டும் அளவிட்டு, அந்த வரம்பைப் பூட்டிவிடுங்கள். ஏடிஆரை முடிவு விலையால் வகுத்துச் சதவீதமாக்கிய பிறகு அளவிட்டால், விலை பல மடங்கு ஏறினாலும் எண்கள் ஒப்பிடத்தக்கவையாக இருக்கும்.

ஒற்றைக் கேண்டிலுக்கு வரம்பை விட்டுக்கொடுப்பது

2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மைய வங்கி, யூரோவுக்கு 1.20 பிராங்க் என்ற அடித்தளத்தைக் கைவிட்டதும் யூரோவின் விலை சில நிமிடங்களில் சரிந்தது. அந்த நாள் உள்ள தரவில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று அளவிட்டால் வரம்பு அந்த ஒரு நாளுக்காக நீண்டுவிடும். சாதாரண நாட்களின் மதிப்புகள் எல்லாம் முதல் ஓரிரு படிகளுக்குள் நசுங்கிவிடும். மதிப்புகளை வரிசைப்படுத்தி, மேலும் கீழும் 1 சதவீதத்தை வெட்டிவிட்டு வரம்பை வையுங்கள்.

எல்லாப் பீரியடுக்கும் ஒரே வரம்பு

பீரியட் என்பது கணக்கில் எடுக்கும் கேண்டில்களின் எண்ணிக்கை. 2 பீரியட் ஆர்எஸ்ஐ 0-க்கும் 100-க்கும் இடையே தாவும்; 50 பீரியட் ஆர்எஸ்ஐ 50-ஐச் சுற்றியே நகரும், 80-ஐத் தொடுவது மிக அரிது. பீரியட்வாரியாகத் தனித்தனியே அளவிடாவிட்டால், ஒருபோதும் நிறைவேறாத விதிகளை ஓட்டிப் பார்ப்பதிலேயே கணினியின் நேரம் போய்விடும்.

டைம்ஃப்ரேமை மாற்றிய பின்னும் பழைய வரம்பு

ஒரு கேண்டில் குறிக்கும் கால அளவு (டைம்ஃப்ரேம்) மாறினால் மறுபடி அளவிடுங்கள்.

தொடக்கக் கேண்டில்களைச் சேர்ப்பது

கணக்கிடப் போதிய கேண்டில்கள் சேராத தொடக்கத்தில் சில மென்பொருள்கள் 0 என்று பதிந்துவிடும். அதுவே குறைந்தபட்ச மதிப்பாகிவிடும். பயன்படுத்தும் மிக நீளமான பீரியடைப் போல இரண்டு மூன்று மடங்கு கேண்டில்களைத் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகு அளவிடத் தொடங்குங்கள்.